சனி, ஞாயிறுக்கு ஏழு ஊரா?

திங்கட்கிழமை காலையில் என் வைத்தியசாலையில் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். தை, மாசியிலும் கோடை விடுமுறையிலும் கேட்கவே வேண்டாம். ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டால், ‘ஒண்ணுமில்லை டாக்டர்... சனி, ஞாயிறு குடும்பத்தோட கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்தோம்’ என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவருக்குக் கால் வீக்கம், பெண்களில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு.

எங்கெங்கே போனீர்கள் என்று கேட்பேன். தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வேன். திருக்கடையூர், பூம்புகார், தரங்கம்பாடி, திருநள்ளாறு, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், இரண்டு நாளில் ஏழு ஊர்! தரங்கம்பாடியில் என்ன பார்த்தீர்கள் என்றால், ‘கோட்டை வாசல்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம் டாக்டர்’ என்பார்கள்.

சமீபத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வாதாடினார். ‘என் பையன் பாரீஸ்ல வேலை பார்க்கறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளேன் ஏறி, நீஸுன்னு ஒரு கடற்கரை ஊருக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பிட்டான். நாங்க மட்டும் போகக் கூடாதா?’ தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பையன் இரண்டு நாளும் ஒரே ஊரில்தானே இருந்தான்? கடலோரம் நடந்தான், வேளைக்குச் சாப்பிட்டான், தூங்கினான். அம்மா அதை மட்டும் கவனிக்கவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி வேன் பிடித்து, இதே மாதிரி ஏழு ஊர் போட்டேன். என் தாயாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, சர்க்கரையும் உண்டு. வழி நெடுகத் தண்ணீர் நீட்டினால், ‘வேண்டாம்டா, அப்புறம் எங்க போய் ஒதுங்கறது?’ என்று பாட்டிலைத் தள்ளி விட்டார். நான் சிரித்துக்கொண்டே விட்டு விட்டேன். அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்ற அவசரம் எனக்கு!

திங்கட்கிழமை ராத்திரி குளிர் ஜுரம். செவ்வாய்க்கிழமை காலையில் என்னை யாரென்று தெரியாமல் விழித்தார். சிறுநீரில் பிடித்த கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது. இந்த நிலையில் என் குடிநீரும் சூரணமும் போதாது என்று எனக்குத் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்து வந்தார்.

சித்த மருத்துவத்தில் வேகங்கள் பதினான்கு என்று பாளையங்கோட்டையில் முதல் வருஷங்களிலேயே படித்து விடுவோம். சிறுநீர், மலம், பசி, நீர்வேட்கை, தூக்கம், தும்மல், கொட்டாவி என்று போகும் அந்தப் பதினான்கையும் அடக்கக் கூடாது என்பது பாடம். பரீட்சையில் ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான். ஒரு வேன் பயணத்தில் தாகம், சிறுநீர், பசி, தூக்கம் நான்கையும் சேர்த்து அடக்க வைத்தேன், அதுவும் பெற்ற தாயை.

அதனால்தான் சொல்கிறேன், பயணத் திட்டத்தை ஊர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள். வீட்டில் யாருடைய உடம்பு பலவீனமோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். பாட்டியால் எத்தனை மணி நேரம் உட்கார முடியும், எங்கே இறங்கலாம், சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்க வேண்டும். ‘யாருக்காவது போகணுமா?’ என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். நீங்களே நிறுத்தி இறங்கச் சொல்லுங்கள்.

சரி, எந்த ஊர்? என்னைக் கேட்டால் தரங்கம்பாடி ஒன்றே போதும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிதானமாகப் போக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குக் குழந்தைகளை எழுப்ப வேண்டியதில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினாலும் பத்து, பத்தரைக்குள் அறையில் இருக்கலாம். விடுதிகள் அங்கே கொஞ்சம்தான், முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே எல்லாம் கிட்டத்தில் இருப்பதுதான். 1792-இல் கட்டிய நுழைவாயிலிலிருந்து கடல் வரை ஒரே தெரு. அதில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தெரு முடியும் இடத்தில் டேனிஷ்காரர்களின் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டியது, ஆக நம் ஊர் ராஜா கொடுத்த இடம்தான்! கடலை ஒட்டிப் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன் பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் வலிக்காரர்கூட நடுநடுவே உட்கார்ந்து அத்தனையும் பார்த்துவிடலாம்.

ஆனால் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே தலை காட்டாதீர்கள். மத்தியதரைக் கடலோரத்தில், இத்தாலி, ஸ்பெயின் சின்ன ஊர்களில், மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் திறக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அவர்களை விட நம் வெயில் இளப்பமா என்ன? பகல் தூக்கம் ஆகாது என்பது எங்கள் பொது விதிதான். வழிக் களைப்பில் இருக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் மட்டும் நான் அரை மணி நேரம் சாய்ந்துகொள்ளச் சொல்வேன். சர்க்கரைக்காரர்கள் சுடுமணலிலும் கோயில் கல்தரையிலும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தோடு வந்து, ‘எப்ப சுட்டதுன்னே தெரியலை டாக்டர்’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தரங்கம்பாடியில் ஓசோன் காற்று வீசுகிறது, நெஞ்சு சளிக்கு நல்லது என்று பல பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்பாதீர்கள். தரைமட்டத்தில் நாம் சுவாசிக்கும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், அதுவும் இரைப்பு உள்ளவர்களுக்கு. கடற்கரையில் அடிக்கும் அந்த வாசனை பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களால் வருவது. காற்று வாங்குங்கள், வைத்தியம் என்று நினைத்து வாங்காதீர்கள். இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

அலையில் கால் நனைப்பது சரி. ஐப்பசி முதல் மார்கழி வரை கடல் மூர்க்கமாக இருக்கும், அப்போது அதுவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இந்தக் கரையை என்ன செய்தது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் துறைக்காரர்களுக்கு இந்த ஊர் மேல் தனிப் பாசம் உண்டு. சீகன்பால்குவோடு இங்கே ஊழியம் செய்த குருண்ட்லர் என்ற ஜெர்மானியர், தமிழ் மருத்துவத்தைப் பற்றி 1711-இல் ஒரு நூலே எழுதி வைத்தார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர் நம் வைத்தியரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்! அதற்கெல்லாம் ஓர் ஊரில் தங்கினால்தான் முடியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். புளியும் நல்லெண்ணெயும் அதைச் சாயங்காலம் வரை காப்பாற்றும். தயிர்சாதம் என்றால் பாலில் பிசைந்து பேருக்குக் கொஞ்சம் தயிர் விட்டு, மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டுச் சாப்பிடுங்கள், ராத்திரியில் வேண்டாம். வயிறு மந்தமானால் பஞ்சதீபாக்கினிச் சூரணம் இரண்டு சிட்டிகை தேனில் குழைத்துக் கொடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தேனுக்குப் பதில் வெந்நீர். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள், மயக்கம் வந்துவிடும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ‘இரண்டு நாள்தானே’ என்று வீட்டில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று ஆச்சரியப்படாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. ரசஞ்சாதம், அப்பளம், ஒன்பது மணிக்குப் படுக்கை.

போன மாசி மாதம் அம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். அந்த ஒரே ஊர்தான். விடுதியில் நுழைந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறையைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். சாயங்காலம் கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேச்சே இல்லை. பிறகு திரும்பிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் தண்ணி குடுடா’ என்றார்.