முகமிழந்த வீரர்

“ஐயா, இதுவும் உருவப்படமா?” என்று என் மாணவன் ஒருவன் வினவினான். அவன் கையில் விரிந்திருந்தது, ஜேர்மனிய ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924 இல் வெளியிட்ட ‘போர்’ என்னும் 50 படங்கொண்ட வரிசையில் ஒன்று. நச்சுப்புகையினூடே படைவீரர் சிலர் நம்மை நோக்கி வருகின்றனர். காப்புமுகமூடி அணிந்தமையால் எவர்க்கும் முகமில்லை. கண்ணிருக்கும் இடத்தில் வெறும் வட்டங்களே உள.

படைவீரனை வரைவதில் நெடுங்காலம் ஒரு மரபு நிலவியது. நிமிர்ந்த மார்பு, பதக்கங்கள், இடையில் வாள். பெருமிதமே அப்படங்களின் மெய்ப்பாடு. தொல்காப்பியரோ எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தோடு அழுகையையும் இளிவரலையும் அச்சத்தையும் ஒருங்கே வைத்தெண்ணினார். ஏனையவற்றை விலக்கிப் பெருமிதத்தை மட்டும் தீட்டுவது பாதி உண்மையே என்பது என் துணிபு.

மறுபாதியை வடித்தவர், கண்ட புறத்தோற்றத்தினும் உள்ளம் உற்றதையே முதன்மையாகக் கொண்ட ‘வெளிப்பாட்டு நெறி’யின் வழிவந்த ஓவியர். டிக்ஸ் போரைக் கேட்டறிந்தவரல்லர். முதலாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் நின்றவர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையை அவர் கையாண்டார். அமிலம் உண்ட வடு, மண்ணும் தசையும் சிதைந்த வடுவாகவே தாளிற் பதிகின்றது. பொருளுக்கேற்ற யாப்பு என்று நாம் செய்யுளிற் போற்றுவது இதனையன்றோ? மற்றொரு படத்தில், தோலொட்டுச் சிகிச்சை பெற்ற ஒருவன் மருத்துவமனைப் படுக்கையிற் கிடக்கின்றான். அவன் முகத்தில் ஒரு பாதி மனிதனுடையது, மறுபாதி போரினுடையது.

கேதே கொல்விட்ஸ் அம்மையார் 1914 இல் தம் 18 வயது மகனைப் போர்முனையில் இழந்தவர். பின்னர் அவர் மரத்திற் செதுக்கி அச்சிட்ட படமொன்றில், சாவு பறையறைந்து முன்செல்ல, தாமாகவே படையிற் சேர்ந்த இளைஞர் அதனைத் தொடர்கின்றனர். சாவினை அடுத்துச் செல்பவன் அம்மகனே.

இவை வீரத்தை இழிவுபடுத்துவன என்பாரும் உளர். நாஜி ஆட்சியினர் அவ்வாறே கூறினர். 1933 இல் டிக்ஸைப் பேராசிரியர் பதவியினின்று நீக்கினர். 1937 இல் மியூனிக் நகரில் அவர் படைப்புகளை ‘இழிந்த கலை’ என்று காட்சிக்கு வைத்து எள்ளினர். ஈராண்டில் அவர்களே மீண்டும் ஓர் உலகப் போரை மூட்டினர். இழிந்தது எது என்பதைக் காலம் காட்டிற்று.

அஞ்சுபவனும் புண்படுபவனும் வீரனே. அதனை மறைக்கும் படம் சீருடையின் படமேயன்றி வீரனின் படமன்று. ஆதலின் மாணவனுக்கு யான் கூறிய விடை இது: “ஆம் தம்பி, இதுவே உருவப்படம்.”