தமிழ் மாணாக்கரும் கணினி ஏவலும்

கணினிக்குரிய ஏவற்சொற்களைத் தாமே வகுத்துக்கொள்ளுதல் பொறியியல் பயில்வார்க்கே உரிய தொழில் என்னும் எண்ணம் நம் கல்லூரியிற் பரவியிருக்கின்றது. இலக்கியம் பயில்வார், பிறர் அமைத்துக் கொடுத்த பொத்தானை அழுத்தி அது தருவதைக் கொண்டு அமைதல் போதும் என்பர். இஃது எமக்கு உடன்பாடன்று. தமிழ் கற்போர்க்கே அவ்வேவல்களை வகுக்கும் தேவை மிகுதியென்றும், அதற்கு வேண்டும் அறிவிற் பாதி அவர்பால் முன்னரே உள்ளதென்றும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யாங்கள் சிலர் ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தினின்று இக்கல்லூரிக்கு வந்தவர்கள். விடுமுறைதோறும் தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி முதலிய ஊர்களைச் சுற்றி நடுகற்களைக் கைப்பேசியிற் படம் பிடித்து வருகின்றோம். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குந்தாணி 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதனுக்குத் தலைநகராயிருந்தது. எல்லைப்புறம் ஆதலின் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் பட்ட வீரர்க்கு எடுத்த கற்கள் அந்நாட்டில் மிகப் பல. எழுத்துடையனவற்றுட் சில தமிழிலும் சில கன்னடத்திலும் உள. கல் வெட்டும் குவாரியும், தொழிற்சாலையும், அகலும் சாலையும் பெருகிவரும் அந்நிலத்தில், இன்று நிற்கும் கல் நாளையும் நிற்கும் என்னும் உறுதியில்லை. கல் போயபின் எஞ்சுவது படமே. அப்படத்துக்குக் கைப்பேசி இடும் பெயரோ நாளும் நேரமுமாகிய வெறும் இலக்கத்தொடர். எவ்வூர்க் கல் என்பதை எடுத்தவர் மறப்பாராயின் அப்படம் இருந்தும் இல்லாததே. (படத்தினுள்ளேயே இடக்குறிப்பைப் பொறிக்கும் வசதி உண்டு. ஆயின் வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பிய அளவில் அக்குறிப்பு நீங்கிவிடும். நம் நண்பர்கள் படம் அனுப்புவதோ பெரும்பாலும் அவ்வழியே.)

எம்மிடம் இத்தகைய படங்கள் ஆயிரத்துக்கு மேல் உள. ஒவ்வொன்றையும் சுட்டியால் தொட்டுப் பெயர் மாற்றுதல் ஒரு பருவத்து வேலை. எம்மிற் பலர்க்கு வாய்த்த கருவியும் பழையது. 2011-ல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமையனார்க்கோ தமக்கையார்க்கோ கிடைத்தது. படச்சாளரங்கள் பல திறந்தால் அது மூச்சுத் திணறும். ஆகவே டெர்மினல் என்னும் எழுத்துத் திரையிலேயே இயங்கும் கோப்பு மேலாளரை நாடினோம். அத்தகையன பல உள. மிகேல் தே இகாசா 1994-ல் வெளியிட்ட மிட்நைட் கமாண்டர் பழமையானது. இந்தியரான அருண் பிரகாஷ் ஜனா ஆக்கிய என்என்என் மிக மெலிந்தது. யாம் கொண்டது ரோமன் சிம்பெல்மன் பைத்தான் மொழியில் இயற்றிய ரேஞ்சர். தாய்க் கோப்புறை, இப்போதைய கோப்புறை, கோப்பின் முன்னோட்டம் என மூன்று பத்திகளாக அது திரையை வகுத்துக் காட்டும்.

இதன் சிறப்பு யாதெனின், ஆக்கியோன் தந்த ஏவல்களோடு நில்லாது நம் ஏவல்களையும் ஏற்றுக்கொள்ளுதல். நம் அமைப்புக் கோப்புறையில் இதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. அதில் 'கிளாஸ்' என்று தொடங்கி ஏவலின் பெயரை எழுதி, அதன்கீழ் 'எக்ஸிக்யூட்' என்னும் பகுதியில் செய்ய வேண்டுவதைச் சொன்னால் முடிந்தது. இடைவெளி விசையால் வேண்டும் படங்களைக் குறித்துக்கொண்டு, முக்காற்புள்ளி இட்டு, ஏவலை எழுதுதல் வேண்டும். 2008-ல் வெளிவந்த பைத்தான் 3 முதலாக இத்தகைய பெயர்கள் தமிழிலும் இருக்கலாம். எனவே எம் ஏவலுக்கு 'ஊரிடு' என்று பெயரிட்டோம். 'ஊரிடு தளி' என்றால், குறித்த படங்கள் யாவும் தளி என்னும் பெயரும், எடுத்த நாளும், வரிசை எண்ணும் பெற்று நிற்கும்.

முன்னரே உள்ள அறிவிற் பாதி என்றது இதனையே. ஏவல் ஒருமைக்குத் தமிழில் விகுதி வேண்டா; வினைப்பகுதியே ஏவலாய் நிற்கும். பவணந்தியார் நட, வா முதலாக 23 ஈற்று ஏவற்சொற்களையே வினைப்பகுதிகளுக்கு வாய்பாடாகக் கொண்டார். குறித்த படங்கள் செயப்படுபொருள், ஊர்ப்பெயர் அடை, ஏவல் வினை. நன்னூல் கற்றவர் இவ்வமைப்பைக் கண்டு மருள்வதற்கு இடமில்லை. மற்றைப் பாதியாகிய பைத்தான் இலக்கணம் சில மாலைப்பொழுதுகளில் அமையும். அதனை எளிதென்று யாம் சொல்லவில்லை, நன்னூலினும் அரிதன்று என்றே சொல்கின்றோம்.

இனி, பொறியியலார் எழுதித் தருவாரே, நாம் ஏன் எழுதல் வேண்டும் எனின், தமிழின் நுட்பங்களை அவர் கண்டு எழுதுதல் அரிது. ஒசூர் என்றும் ஓசூர் என்றும் இருவகையாக எழுதுகின்றனர். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. இஃதாவது கண்ணுக்குத் தெரியும். சின்னக்கொத்தூர் என்பதிலுள்ள 'கொ' இன்னும் வஞ்சகமானது. அதனை ஒகரக் குறி ஒன்றாலும் குறிக்கலாம். கொம்பும் காலுமாகிய குறி இரண்டாலும் குறிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கோ இரு வேறு பெயர்கள். இவற்றை ஒருமைப்படுத்தும் கருவி பைத்தானிலேயே உண்டு. அதனை அழைக்கும் ஒருவரி 'ஊரிடு'வில் இருக்கின்றது. தமிழெழுத்தைக் கூட்டிப் படித்துப் பழகியவர்க்கே அவ்வரி வேண்டும் என்று தோன்றும்.

வரிசைமுறையும் அத்தகையதே. யூனிக்கோடு எண்ணின்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்தின் முன் வந்து நிற்கும். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின் போய்விடும். அதனால் அகம் முன்னும் அக்கம் பின்னும் வரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலோ அக்கம் முன்னது. இது பிழையென்று பொத்தான் செய்து விற்பவர்க்கு யார் உரைப்பர்?

ஒரு தவறான ஏவல் ஆயிரம் கோப்பை நொடியில் அழித்துவிடுமே என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் தக்கதே. லினக்ஸிற் பைத்தானின் பெயர்மாற்றச் சொல், அப்பெயரில் வேறு கோப்பு இருப்பினும் வினவாது அதன்மேல் எழுதிவிடும். ஆதலின் 'ஊரிடு' முதலிற் பழம்பெயரையும் புதுப்பெயரையும் அருகருகே காட்டி, 'ஆம்' என்ற பின்னரே தொழிற்படும். அப்பெயர் முன்னரே இருப்பின் மறுத்து நின்றுவிடும். பொத்தானுக்கு இத்தனை பொறுமை உண்டோ? உண்மையான குறை வேறு. டெர்மினல்கள் பல தமிழைச் செவ்வனே காட்டுவதில்லை. கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமும் பிரிந்து கிடக்கும். கோப்பிற் பெயர் சரியாகவே இருப்பினும் படிப்பவர் கண் வருந்தும். அக்குறையை எம்மாற் போக்கவியலவில்லை.

எம்மூரில் இது புதுமையன்று. 1980-ல் அசோக் லேலண்டு ஒசூரில் தொழிற்சாலை அமைத்தது. பின்னர்ப் பற்பல வந்தன. அவற்றைச் சூழ்ந்த சிறு பட்டறைகளில் ஜிக், ஃபிக்சர் செய்வோர் உளர். துளையிடும் இயந்திரம் எங்கோ செய்யப்பட்டது. ஆயின் இந்த உதிரிப்பாகத்தை இந்தக் கோணத்திற் பற்றி நிறுத்தும் ஜிக்கை இந்தப் பட்டறையாரே செய்துகொள்வர். பாகத்தின் வடிவறிந்தவர் அவரேயன்றோ? அப்பட்டறையாரின் மக்கள் சிலர் நம் வகுப்பிலும் இருக்கின்றனர்.

அகரவரிசைக்கென 'அடுக்கு' என்றோர் ஏவல் எழுதத் தொடங்கியுள்ளோம். புள்ளியெழுத்தும் னகரமும் தத்தம் இடம் பெற்றுவிட்டன. கன்னட வழக்கைத் தழுவி ஹொச ஊர் என்று சிலர் எழுதிய பெயர்கள் இருத்தலால், ஹகரம் முதலிய கிரந்த எழுத்துக்களை எங்கே வைப்பதென்பதில் எம்முள் இன்னும் இருகட்சி உண்டு. ஆசிரியரும் பழைய மாணாக்கரும் இதுபற்றித் தம் கருத்தைத் தமிழ்ச் சங்கத்துக்கு எழுதுவாராயின், வரும் கோடை விடுமுறைக்குள் அதனை முடித்து, இரண்டு ஏவல்களையும் வேண்டுவார்க்கு வழங்குவோம்.