ட்ரிப் போன இடத்திலும் உம்மா உட்காரவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள், குறிப்பாக வாப்பாமார்.

சென்ற மாதம் தரம் 8 பிள்ளைகளுக்கு, குடும்பத்தோடு போன ஒரு பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தேன். 34 கொப்பி வந்தது. ஒலுவில் வெளிச்சவீடு, இறக்காமம் குளம், அறுகம்பை, இங்கினியாகல என்று நம்ம பக்கத்து இடமெல்லாம் இருந்தது. சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே போனேன். பாதிக் கொப்பி தாண்டிய பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. வாப்பா குளித்தார். சாச்சா பந்தடித்தார். நானா மீன் பிடித்தார். உம்மா சோறு பகிர்ந்தா, தம்பிக்கு உடுப்பு மாற்றினா, சட்டி கழுவினா. ஒரு கொப்பியில்கூட உம்மா உட்காரவில்லை.

என் மகள் எழுதினாலும் இதைத்தான் எழுதியிருப்பாள்.

வசந்தம் என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்த காலம் என்று கொண்டாடுகிறார்கள். நம்ம கிழக்குக் கரைக்கும் ஒரு வசந்தம் இருக்கிறது. மாரி ஓய்ந்து, பெரும்போக வெட்டு முடிந்து, கடல் அமைதியாகி, கச்சான் காற்று அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் வருகிற அந்த இரண்டு மூன்று மாதம். கடந்த சில வருடமாக நோன்புப் பெருநாளும் இந்தப் பருவத்தை ஒட்டியே வந்தது. வருடம் 10, 11 நாள் முந்திக்கொண்டே போவதால் இனி அது மாரிக்குள் போய்விடும். வேன் பிடித்து, பன்பாய் சுருட்டி, புரியாணிச் சட்டியை ஏற்றிக்கொண்டு நாம் போகிற நாட்கள் இவைதான்.

என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மா ஓ/எல் வரைக்கும்தான் படித்தவ. ஆனால் பெரிய வாசிப்புக்காரி. எழுபதுகளில் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல்களை மாமா கொண்டுவந்து கொடுப்பாராம். அதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தா. 2004 டிசம்பர் 26இல் வீட்டோடு அந்தப் பெட்டியும் போனது. உயிர்கள் மிஞ்சின, அல்ஹம்துலில்லாஹ். உம்மா அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு கதைத்ததே இல்லை. ஊரில் ஜனாஸாக்களைப் பார்த்த பிறகு புத்தகத்துக்கு யார் அழுவது?

பிறகு நான் அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரிக்குப் போன காலத்தில், லீவுக்கு வரும்போது நூலகப் புத்தகம் கொண்டுவருவேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு உம்மா அதை எடுத்து வாசிப்பா. அந்த நாட்களில் ஒருமுறை குடும்பமாக இறக்காமம் குளத்துக்குப் போனோம். உம்மா ஒரு புத்தகத்தை சொப்பிங் பேக்கில் சுற்றி, பாய்க்கு நடுவில் வைத்ததை நான் கண்டேன். அன்று முழுக்க உம்மா அடுப்படியில்தான் நின்றா. பின்னேரம் சாமான் ஏற்றும்போது பார்த்தேன், சுற்றின பேக் சுற்றினபடியே இருந்தது. நானும் அன்று மரத்தடியில் இருந்து கதைத்தவள்தான். எழும்பிப் போய், "உம்மா, நீங்க கொஞ்சம் இருங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லவில்லை.

இப்போது உம்மாவுக்கு நேரம் இருக்கிறது. கண் தெளிவில்லை. சின்ன எழுத்து வாசிக்க ஏலாது.

இதனால்தான் எழுதுகிறேன். முதல் வஹீயே வாசிப்பைப் பற்றியது என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். 1885இலேயே 'அசன்பே சரித்திரம்' என்று நாவல் எழுதிய சித்திலெப்பையின் சமூகம் என்று பெருமைப்படுகிறோம். ஒக்டோபர் வந்தால் பாடசாலையில் தேசிய வாசிப்பு மாதம், பதாகை, பேச்சுப் போட்டி. பரிசளிப்புக்குப் பெற்றோர் வந்து கைதட்டுவார்கள். ஆனால் என் வகுப்பில் நான் கண்ட அளவில், வாசிப்பு மூலையில் தானாகப் புத்தகம் எடுக்கிற பிள்ளை, வீட்டில் யாரோ ஒருவர் வாசிப்பதைக் கண்ட பிள்ளைதான். "வாசி, வாசி" என்று சொல்கிற உம்மா வாசிப்பதைப் பிள்ளை எப்போது காண்பது? பிள்ளை படுத்த பிறகு வாசித்தால் அது பிள்ளைக்குத் தெரியாது. ட்ரிப் போகிற நாள் எல்லோரும் ஒரே பாயில் இருக்கிற நாள். அன்றுதான் தெரியும்.

சிலர் கேட்பார்கள், குடும்பத்தோடு கதைக்கிற நாளில் புத்தகமா என்று. எட்டு மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலம்தான் கேட்கிறேன். சாப்பிட்ட பிறகு ஆண்கள் இரண்டு மணித்தியாலம் தூங்குகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. போனில் வாசிக்கலாம்தானே என்பார்கள். வாசிக்கலாம். ஆனால் நீங்கள் வாசிக்கிறீர்களா, வீடியோ பார்க்கிறீர்களா என்று பிள்ளைக்குத் தெரியாது. புத்தகம் விலை என்பது உண்மை. 2022க்குப் பிறகு கடதாசி விலை எங்கேயோ போய்விட்டது. அதற்குத்தான் ஊர் நூலகம் இருக்கிறது. பிள்ளையிடம் கொடுத்துப் புத்தகம் மாற்றாமல், உம்மாமார் நீங்களே ஒருநாள் போய் அங்கத்துவம் எடுங்கள்.

இந்த முறை பெருநாள் முடிந்த கிழமை ஒலுவில் பக்கம் போனோம். சட்டி கொண்டுபோகவில்லை. சோற்றுப் பார்சல் எடுத்தோம். மாமிக்குக் கொஞ்சம் மனக்குறைதான். ளுஹர் தொழுது சாப்பிட்ட பிறகு, பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பை வீட்டுக்காரரிடமும் தம்பியிடமும் கொடுத்துவிட்டு, நான் ஒரு மரத்தடியில் புத்தகத்தோடு இருந்தேன். மாமி கேட்டா, "என்ன புள்ள, இங்க வந்தும் படிப்பா?" நான் சிரித்துவிட்டு, உம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். மருதமுனை மருதூர்க்கொத்தனின் ஒரு சிறுகதை. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் உம்மா சிரித்தா. கொஞ்ச நேரத்தில் மாமியும் பாயை இழுத்துக்கொண்டு வந்தா. மகள் ஈரக்காலோடு வந்து உம்மாவின் மடியில் சாய்ந்து கேட்டாள். கதை முடிந்ததும் மாமிதான் சொன்னா, "இன்னொன்று வாசி."

என் உம்மாவுக்கு நான் பிந்திவிட்டேன். நீங்கள் பிந்த வேண்டாம். அடுத்த முறை வேன் பேசும்போது மூன்று விடயம் செய்து பாருங்கள். சமையலைக் குறையுங்கள். சாப்பிட்ட சஹனை ஆண்கள் கழுவுங்கள். ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் உம்மாவை எதற்கும் கூப்பிடாதீர்கள். வாப்பாமாருக்கும் விருப்பமென்றால் பக்கத்தில் ஒரு பத்திரிகையோடு இருக்கலாம், தடையில்லை.

அடுத்த தவணையும் இதே கட்டுரையைக் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ். ஒரு கொப்பியிலாவது உம்மா உட்கார்ந்து வாசித்தா என்று எழுதியிருந்தால் எனக்குப் போதும்.