காக்கிக்குள்ளே ஒரு மனசு

டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதும் நண்பர்கள் நம்மில் ஏராளம். உயரம், மார்பளவு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் பார்க்கிறார்கள். எழுத்துத் தேர்வில் ‘உளவியல்’ என்றொரு பகுதியும் உண்டு. திறந்து பார்த்தால் பெரும்பாலும் தர்க்கமும் எண் கணக்கும்தான்! மனசை யார் பார்ப்பது?

பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே மைதானம், ஒரே வெயில், ஒரே அதட்டல்தான். ஆனால் ஒருவன் ‘இதுவும் பயிற்சிதானே’ என்று சிரிக்கிறான். இன்னொருவன் அதே திட்டை நினைத்து ராத்திரி முழுக்கப் புரளுகிறான். சட்டென்று பதறும் சுபாவக்காரருக்கு நெருக்கடி கூடுதலாகவே உறைக்கும் என்கிறது உளவியல்.

அப்படியானால் அவன் போலீசுக்கு லாயக்கில்லையா? இல்லவே இல்லை! சுபாவம் பாதி, சமாளிக்கும் விதம் மீதி. லாசரஸ், ஃபோக்மன் என்ற அறிஞர்கள் 1984-இல் எழுதிய நூலில் இரண்டு வழிகளை விளக்கினார்கள். சிக்கலையே சரிசெய்வது ஒன்று. அது கிளப்பும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. கவாத்தில் கால் தப்பினால் கூடுதலாகப் பழகலாம். லீவு ரத்தானால்? தோழனிடம் மனம்விட்டுப் பேசலாம். குடியும் மௌனமும் வழியே அல்ல. இதெல்லாம் பிறவிக்குணமல்ல, கற்றுக்கொள்ளக்கூடியது.

தமிழகக் காவல்துறை 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸுடன் சேர்ந்து ‘காவலர் நிறைவாழ்வு’ பயிற்சியைத் தொடங்கியது நல்ல காரியம். பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கிக்குத் தரும் இடத்தை இதற்கும் தரவேண்டும் என்பதே என் கருத்து.

மனசு புழுங்கும் காவலரின் கோபம் கடைசியில் யார்மேல் விழும்? புகார் மனுவோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நம்மேல்தானே!