லேபிளை மாற்றினால் பாட்டு சொந்தமாகிவிடுமா?



காதர்பேட்டையில் இஷா தொழுகை முடிந்தால் கடை ஷட்டர்கள் பாதி இறங்கும். டீக்கடை பெஞ்சுகள் நிறையும். சென்ற வாரம் அப்படியொரு பெஞ்சில் நான்கு இளைஞர்கள் காரசாரமாக மோதிக் கொண்டிருந்தார்கள். அரசியலா? இல்லை. நின்று போன ஆர்டரா? அதுவும் இல்லை. நாகூர் ஈ.எம். ஹனிபா பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை அவருக்குப் பின் எத்தனையோ பேர் பாடிவிட்டார்களே, அவற்றில் எது உருப்படி, எது குப்பை என்பதுதான் சண்டை! ஒருவர் செல்போனில் ஒன்றைப் போட்டு, "இதைக் கேளு மச்சான்" என்பார். அடுத்தவர், "இது பாட்டா, பவர்லூம் சத்தமா?" என்பார். என்னைக் கண்டதும் ஒரு தம்பி எழுந்து, "ஹஜ்ரத், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்றார்.

இசை கூடுமா, கூடாதா, எந்த அளவு கூடும் என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பஞ்சாயத்தை இன்று நான் திறக்கப் போவதில்லை. தம்பிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் பாட்டை எழுதியவர் யார்?"

நால்வரும் ஒரே குரலில், "ஹனிபா" என்றார்கள்.

பாடியவர்தான் ஹனிபா. எழுதியவர் கவிஞர் ஆர். அப்துல் ஸலாம். கல்யாண வீட்டில், மீலாது மேடையில், மாற்று மதச் சகோதரர்களின் நிகழ்ச்சிகளில் என்று தமிழகமெங்கும் ஒலிக்கும் ஒரு பாடல். அதற்கு உரியவரின் பெயர் நம் வாயில் வரவில்லை! எது சிறந்த குரல் என்று அடித்துக் கொள்ளும் நமக்கு, யாருடைய சரக்கை விற்கிறோம் என்பதே தெரியவில்லையே! இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பிறர் பாடுவது குற்றமா?

ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடுவதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. 'தலஅல் பத்ரு' பாடலை எடுத்துக் கொள்ளுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மதீனா மக்கள் பாடி வரவேற்றதாகச் சொல்லப்படும் பாடல் அது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடம் விவாதம் உண்டு. எனினும் அரபு நாடுகளிலும் இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அவரவர் மெட்டில் அது பாடப்படுகிறது. அது யாருடைய தனிச் சொத்தும் அல்ல. ஊர்க் கிணற்றில் யார் வேண்டுமானாலும் நீர் இறைக்கலாம்.

முஹம்மது ரஃபி 1980 ஜூலை 31-இல் மறைந்தார். அவருடைய பாடல்களைப் பாடியே வளர்ந்தவர் சோனு நிகம். 'ரஃபி கீ யாதேன்' என்ற தலைப்பில் அவர் ரஃபியின் பாடல்களைப் பாடி வெளியிட்டார். தலைப்பின் பொருள் 'ரஃபியின் நினைவுகள்'. சரக்கு யாருடையது என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார்! ரஃபியின் குரலுக்கு அது ஈடாகுமா என்று நீங்கள் விடிய விடிய விவாதிக்கலாம். ஆனால் ஏமாற்றினார் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நனைந்த தானியம்

இனி வியாபாரிகளுக்குப் புரியும் பாஷையில் பேசுவோம்.

ரயில் நிலையத்தை ஒட்டிய நம் காதர்பேட்டைக்கு வெளிமாநில வியாபாரி வருகிறார். டீ-சர்ட்டைக் கையில் எடுக்கிறார். "பாய், இது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸா, லோக்கலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார். சர்ப்ளஸ் என்றால் ஒரு விலை. லோக்கல் என்றால் ஒரு விலை. உள்ளூர்ப் பீஸில் வெளிநாட்டு லேபிளைத் தைத்துச் சர்ப்ளஸ் என்று விற்றால் அதற்கு என்ன பெயர்? பீஸ் நன்றாக இருக்கலாம். தையல் உறுதியாக இருக்கலாம். ஆனால் லேபிள் பொய் சொல்கிறதே!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். கவனியுங்கள்! நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்கக் கூடாது என்றார்கள்.

பாட்டு வியாபாரத்திலும் இதே வழக்கு நீதிமன்றம் வரை போனது. கேசட் காலத்தில் புகழ் பெற்ற படப் பாடல்களை வேறு பாடகர்களைக் கொண்டு பாட வைத்து மலிவு விலையில் விற்பார்கள். 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' என்ற இந்திப் படம் 1994-இல் வந்து ஓஹோவென்று ஓடியது. அதன் பாடல் உரிமையை வைத்திருந்த கிராமபோன் கம்பெனி, மறுபதிப்புக் கேசட் வெளியிட்ட சூப்பர் கேசட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வாங்குவோர் அசல் என்று நம்பி ஏமாறாதபடி, இது அசல் ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டதல்ல என்பதைப் பெரிய எழுத்தில் அட்டையில் போட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. நனைந்த தானியத்தை மேலே வை என்பதன்றி இது வேறென்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அதில் 31-சி என்ற பிரிவு இந்தக் 'கவர் வெர்ஷன்' விஷயத்திற்காகவே இருக்கிறது. முதல் ஒலிப்பதிவு வெளிவந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அவருடைய சம்மதமின்றிச் சொல்லையும் மெட்டையும் மாற்றக் கூடாது. முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போட்டு ஏமாற்றக் கூடாது. இது கவர் வெர்ஷன் என்று வெளிப்படையாக அச்சிட வேண்டும்.

கல்யாண வீட்டில் பாடினால் போலீஸ் வருமா என்று பயப்பட வேண்டாம். மதச் சடங்குகளிலும் திருமணத்தையொட்டிய நிகழ்ச்சிகளிலும் பாடுவதற்கு அதே சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. பாட்டை வைத்து வியாபாரம் செய்யும்போதுதான் கணக்கு வருகிறது. 2017-இல் இளையராஜா, தம் பாடல்களை அனுமதியின்றிக் கச்சேரிகளில் பாடக் கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பாடிய வாயே அவருடையதாயிற்றே என்று நாடே இரண்டுபட்டது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். பாடியவர் வேறு, படைத்தவர் வேறு என்ற பாடம் அன்று பாமரருக்கும் புரிந்தது.

எது மிக மோசம்?

லால் ஷாஹ்பாஸ் கலந்தரின் பெயரால் பாடப்படும் பழைய கலாமை நூர் ஜஹான், ரூனா லைலா, ஸாப்ரி சகோதரர்கள், ஆபிதா பர்வீன் எனப் பலரும் பாடினார்கள். ஒருவர் மீது ஒருவர் குற்றம் சாட்டவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த விஷயம். நுஸ்ரத் பதே அலி கான் அதே கலந்தரைத் தம் பாணியில் ஒரு கவாலியாகப் பாடினார். 1994-இல் 'மோஹ்ரா' என்ற இந்திப் படத்தில் அந்த மெட்டு ஒரு பெண்ணை 'சரக்கு' என்று வர்ணிக்கும் ஆட்டப் பாட்டாகிவிட்டது!

அதோடு நின்றதா? 1997-இல் வந்த 'ஔசார்' படத்தில், இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அவருடைய திக்ரு, காதலியிடம் 'ஐ லவ் யூ' சொல்லும் பாட்டாக மாறியது. மற்ற மெட்டுகள் போனதைப் பொறுத்துக் கொண்ட நுஸ்ரத், இதை மட்டும் பொறுக்க முடியாமல் மனம் நொந்து பேசினார். அதே 1997 ஆகஸ்ட் 16-இல் அவர் மறைந்தார்.

குரல் கெட்டுப் போன கவர் வெர்ஷனை நாம் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். கருத்தைக் கெடுத்ததை எப்படி மறப்பது? என் தீர்ப்பில் மிக மோசமானது இதுதான்.

ஏ.ஆர். ரஹ்மானின் 'மஸக்கலி' பாடல் 2009-இல் 'டெல்லி-6' படத்தில் வந்தது. 2020-இல் வேறொருவர் அதை மாற்றி 'மஸக்கலி 2.0' என்று வெளியிட்டபோது ரஹ்மான் வெளிப்படையாகவே வருந்தினார். அதன் பின்னே எத்தனை பேரின் தூக்கமில்லாத இரவுகள் இருக்கின்றன என்று நினைவூட்டினார். நியாயமான வருத்தம்! ஆனால் நீதி என்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். 1970-இல் வந்த 'சொர்க்கம்' படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாடலை, 2007-இல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்காக மாற்றியமைத்தவரும் அதே ரஹ்மான்தான். அதைக் கேட்ட பழைய ரசிகர்களுக்கும் இதே வருத்தம் இருந்திருக்கும் அல்லவா?

அதே ரஹ்மானிடம் ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 'உசிலம்பட்டி பெண்குட்டி' பாடிய ஷாஹுல் ஹமீது 1998-இல் விபத்தில் மறைந்தார். பம்பா பாக்யா 2022-இல் மறைந்தார். 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக இவ்விருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ரஹ்மான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே 2024-இல்தான், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமலே இப்படிப் பயன்படுத்திவிட்டார்கள் என்று அவருடைய மகன் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. இயந்திரம் ஒன்றுதான். கேட்டுச் செய்தவர் ஒருவர். கேட்காமல் செய்தவர் ஒருவர். இன்று ஒவ்வொரு தம்பியின் செல்போனிலும் அந்த இயந்திரம் வந்துவிட்டது. ஹனிபாவின் குரலில் அவர் பாடாத பாட்டை நாளை நீங்களே தயாரிக்கலாம். யாரிடம் கேட்டீர்கள்?

நம் முதுகு

ஊரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது பயான் ஆகாது. சினிமா மெட்டில் இஸ்லாமியச் சொற்களைப் போட்டு எத்தனை கேசட்டுகள் நம்மிடையே விற்றன! இசையமைத்தவர் பெயர் அட்டையில் இருந்ததா? இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக்கூட்டத்திற்காக நானே ஒரு படப் பாட்டின் மெட்டில் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன். கூட்டம் கை தட்டியது, நானும் பூரித்தேன். அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக!

இத்தனைக்கும் நான் மதரஸாவில் ஓதியவன். அங்கே முதல் பாடமே ஸனதுதான். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடரோடு செய்திகளைப் பதிவு செய்தார்கள். "ஒரு சொல்லைச் சொன்னால் அதை யாரிடம் கேட்டாய் என்று சொல்" என்று எங்கள் உஸ்தாது காதைத் திருகுவார். ஹதீஸுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பாட்டுக்குக் கொடு என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லுக்கு உரியவரைச் சொல்லும் பழக்கம் உள்ள சமுதாயம், பாட்டில் மட்டும் அதை மறக்கலாமா?

சென்ற மாதம் ஒரு வியாபாரி கண் கலங்காத குறையாக வந்தார். ஆறு வாரம் உழைத்து ஒரு பிரிண்ட் டிசைன் போட்டாராம். பத்தாம் நாள் பக்கத்துக் கடையில் அதே டிசைன், பீஸுக்குப் பத்து ரூபாய் குறைவாகத் தொங்குகிறதாம். "இது திருட்டு இல்லையா ஹஜ்ரத்?" என்றார். திருட்டுதான். அவர் பேசிக் கொண்டிருந்தபோது அவர் கடை ஸ்பீக்கரில் பாடியது எங்கோ காசு கொடுக்காமல் இறக்கிய ரீமிக்ஸ் பாட்டு! மெதுவாகச் சுட்டிக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவரே எழுந்து அணைத்தார். மக்களுக்குரியதைக் குறைத்துவிடாதீர்கள் என்று மத்யன் நகர வியாபாரிகளை ஷுஐப் நபி (அலை) அவர்கள் எச்சரித்ததைக் குர்ஆன் சொல்கிறது. தராசில் மட்டுமா குறைக்க முடியும்? பெயரிலும் குறைக்கலாம், கூலியிலும் குறைக்கலாம்.

தீர்ப்பு

சகோதரர்களே! ஒரு பாட்டைக் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கிறதா? சொன்ன கருத்து சிதையாமல் இருக்கிறதா? பாடுபவர் தம் உழைப்பையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாரா? குரலை அதற்குப் பிறகு பேசலாம். நம் மேடைகளில் பாடுபவர் முதலில் எழுதியவர் பெயரைச் சொல்லட்டும். பாட்டு எழுதிக் கொடுக்கும் ஏழைக் கவிஞருக்குப் பொன்னாடையோடு கூலியும் கொடுப்போம்.

டீக்கடையில் அன்று தம்பிகள் எனக்கு நான்கு பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். மூன்று நல்ல குரல். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. நான்காவது பையனுக்குக் குரல் சுமார்தான், உச்சத்தில் பிசிறடித்தது. ஆனால் எழுதியவர் இன்னார், முதலில் பாடியவர் இன்னார் என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டியிருந்தார். முதல் பரிசை அவருக்கே கொடுத்தேன். தம்பிகளுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. "அப்ப குரலுக்கு மதிப்பே இல்லையா ஹஜ்ரத்?" என்று இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். கேட்கட்டும்! எழுதியவர் பெயர் இப்போது நால்வருக்கும் தெரியும்.

பிறர் உழைப்பை மதிக்கும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக!