தொழிலாளியே அபேட்சகராக நிற்கட்டும்!

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தேபர் தலைமை வகித்தார். பிரதமர் நேரு வந்திருந்தார். சோஷலிஸ பாணி சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒரு தீர்மானத்தால் ஆவடியின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் ஏறிவிட்டது. பிறகு பந்தலைப் பிரித்தார்கள். தலைவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆவடித் தெருவில் குழாய் எப்போது வரும், சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் என்ற சின்னக் கேள்வி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. எழுபது வருஷங்களுக்குப் பின்னும் அது இங்கேதான் இருக்கிறது.

சின்னக் கேள்வி என்றா சொன்னோம்? காலை ஷிப்டுக்குப் போகிற தொழிலாளியைக் கேளுங்கள். விடியுமுன் எழுந்தால் முதலில் தண்ணீர். அடுத்து கக்கூஸ். அப்புறம் ரயிலடி வரை போகிற ரோடு. இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணுக்குத் தெருவிளக்கு. மழை வந்துவிட்டால் எல்லாவற்றையும் விட மேலாக, தண்ணீர் வடிகிற வாய்க்கால். 2023 டிசம்பர் புயல் மழையில் ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் பகுதிகளின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது டில்லி பார்லிமெண்டையா ஜனங்கள் தேடினார்கள்? எங்கள் வார்டு கவுன்சிலர் எங்கே என்றுதான் தேடினார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அநேக ஊர்களில் மனை வியாபாரி, அல்லது காண்ட்ராக்டர், இரண்டும் இல்லையென்றால் காண்ட்ராக்டரின் மைத்துனர். நல்லவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ரோடு போடும் காண்ட்ராக்டை எடுப்பவரே ரோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சபையிலும் இருந்தால், ரோடு எப்படி இருக்கும் என்பது நடந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த நாற்காலிக்கு நம்மவர்களே அபேட்சகர்களாக நிற்க வேண்டும். நல்லவர் யாராவது நிற்பார், அவருக்கு ஓட்டுப் போடலாம் என்று காத்திருப்பது போதாது. மில்லில், பட்டறையில், கட்டட வேலையில், வயலில் கூலி வாங்குகிறவர் தாமே நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதுவும், தேர்தல் தேதி அறிவித்த பிறகு யோசிக்கிற விஷயமாக இருக்கக்கூடாது.

ஏனென்றால் தேதியை அறிவிப்பதே நமது சர்க்கார்களுக்குக் கசப்பான காரியம். ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் என்றால் ஒத்திப்போடு என்பதே கோட்டையின் பழைய வழக்கம். சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டது. மறு தேர்தல் நடந்தது 1996இல்! இடையில் 23 வருஷம், எத்தனையோ மந்திரிசபைகள். இரண்டு பெரிய கழகங்களும் இந்தக் காலத்தில் ஆண்டிருக்கின்றன. ஒருவரும் மற்றவரைக் குறை சொல்ல முடியாது. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்து வருஷ ஆயுள் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகாவது திருந்தினார்களா? 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை, அறிவிப்பில் குறைபாடு என்று சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. குறைபாட்டைச் சரி செய்து நகரத் தேர்தலை நடத்த 2022 பிப்ரவரி 19ந் தேதி வரை ஆயிற்று.

அந்த ஐந்து வருஷ இடைவெளியில்தான், 2019 ஜூனில், ஆவடி நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, ஜனங்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. பிறக்கும்போதே அனாதையாகப் பிறந்த மாநகராட்சி! தனி அதிகாரி கையெழுத்துப் போட்டார், காரியங்கள் நடந்தன. யாரிடம் போய்க் கேட்பது? சுற்றியுள்ள கிராமங்களின் கதையும் இதுதான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துக்களின் காலம் 2025 ஜனவரி 5ந் தேதி முடிந்தது. திருவள்ளூர் ஜில்லா உட்பட 28 ஜில்லாக்களில், தேர்தல் நடத்தாமல் தனி அதிகாரிகளிடம் சாவியைக் கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர சபைகளுக்கு ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. சட்டம் சொல்வது அது. சட்டத்தை நடக்க வைப்பது தெருவில் எழும் குரல்.

சபை இருந்தால் மட்டும் என்ன வந்துவிடும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரியில் ஓட்டு வாங்கினார்கள். இரண்டு மாதம் முடியுமுன் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்வு வந்தது. சிறிய வீட்டுக்கும் 25 சதவீதத்துக்குக் குறையவில்லை. மத்திய நிதிக் கமிஷன் நிபந்தனை போட்டது என்று மாநில சர்க்கார் சொன்னது. மாநில சர்க்கார் சொல்லிவிட்டது என்று சபைகள் கை தூக்கின. சொந்தக்காரருக்கு வரி ஏறினால் குடியிருப்பவருக்கு வாடகை ஏறும். ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளிதான் கடைசியில் அதைக் கட்டுகிறார். அப்படிக் கை தூக்கும் நேரத்தில் வாடகை கொடுக்கிற ஒருவர் அந்தச் சபையில் இருப்பதற்கும் வாடகை வாங்குகிறவர் மட்டுமே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுக்கும் விஷயமும் இதேதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. வாசலில் உட்கார்ந்தவர்களுக்காகப் பேச மாளிகைக்குள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு உதாரணம் உண்டு. லண்டனில் பாப்லர் என்ற ஏழைப் பேட்டை. துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் அந்தச் சபையில் அங்கத்தினர்களாக இருந்தார்கள். பணக்காரப் பேட்டைக்கும் ஏழைப் பேட்டைக்கும் வரிச் சுமை சமமில்லை என்று சொல்லி, 1921இல் லண்டன் கவுண்டி சபைக்குச் செலுத்த வேண்டிய பணத்தைக் கட்ட மறுத்தார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி உட்பட 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள். சிறைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடத்தினார்கள்! ஆறு வாரத்தில் அரசாங்கம் இறங்கி வந்தது. வரிச் சுமையைப் பங்கிடச் சட்டம் வந்தது. அதே சபைதான் தன் வேலையாட்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்று வைத்தது. சின்ன நாற்காலிதான். உட்கார்ந்தவர்கள் யார் என்பதில் இருந்தது விஷயம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு பெண் இருந்தார். கைத்தறி நெசவாளர். 1996 தேர்தலில் நின்று மதுரை மாநகராட்சி அங்கத்தினரானார். அந்த வட்டாரத்தில் குடிதண்ணீர் விலைக்கு விற்கும் சரக்காக இருந்தது. குடத்துக்குக் காசு வசூலித்தவர்கள் ரவுடிகள். லீலாவதி குழாய்த் தண்ணீருக்காகப் போராடினார், கொண்டும் வந்தார். 1997 ஏப்ரல் 23ந் தேதி கடைவீதியில் பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவியேற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கவுன்சிலர் பதவி அற்பமானது என்று நினைக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். அற்பமான பதவிக்காக யாரும் கொலை செய்யத் துணிவதில்லை. ஒரு நெசவாளப் பெண் குழாயைத் திறந்தபோது யாருடைய லாபம் அடைபட்டதோ அவர்களுக்கு அந்தப் பதவியின் மதிப்புத் தெரிந்திருந்தது.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு மேலவளவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஆதிக்க சாதியினர் பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடவில்லை. 2006இல்தான் தடை உடைந்தது. நியமனப் பத்திரம் என்பது வெறும் காகிதமல்ல. ஆவடி மேயர் பதவி 2022இல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் அமைதியாக நடந்தது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் மதுரை ஜில்லாவில் இருந்தார்கள்.

சரி, யார் நிற்பது? ஆவடியில் ஒரு விசித்திரம் உண்டு. ஊரின் பெரிய ஆலைகள் ராணுவத் தளவாட ஆலைகள். 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சங்கம் கட்டிய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கூட்டம் நடத்தத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும், அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியும். ஆனால் சர்க்கார் ஊழியர் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் நிற்கக்கூடாது என்பது நடத்தை விதி. டாங்கி செய்யலாம், தன் தெருவின் சாக்கடையைப் பற்றிச் சபையில் பேசக்கூடாது! ஆகவே பளு மற்றவர்கள் மேல் விழுகிறது: அம்பத்தூர் எஸ்டேட்டில் தனியார் கம்பெனியில் வேலை செய்பவர், கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற ஃபிட்டர், வீட்டு வேலை செய்யும் பெண்.

பெண் என்று ஒப்புக்குச் சொல்லவில்லை. 2016 சட்டத் திருத்தப்படி சபைகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆவடியின் 48 வார்டுகளில் 24 பெண்களுடையவை. அந்த இடங்களில் மனைவியின் பெயரில் ஜெயித்துவிட்டுக் கணவர் கவுன்சிலர் போல நடமாடும் கூத்தை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தண்ணீர் லாரி முன்னால் குடத்தோடு நின்று சண்டை போட்ட பெண்ணை நிறுத்துங்கள். அவருக்கு யாரும் எழுதிக்கொடுத்துப் பேச வைக்க வேண்டியதில்லை.

பணம்? 21 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் நிற்கலாம். 2022இல் மாநகராட்சி வார்டுக்கு டிபாசிட் ரூ.4,000, தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்கு ரூ.2,000. நானூறு வீட்டில் வீட்டுக்குப் பத்து ரூபாய் போட்டால் டிபாசிட் கட்டியாயிற்று. 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆவடியில் சுமார் 3.46 லட்சம் பேர். 48ஆல் வகுத்தால் அன்றைய கணக்கில் வார்டுக்கு ஏறக்குறைய 7,200 பேர். இன்று கூடியிருக்கும். கூடினாலும் காலால் நடந்தே முடிக்கக்கூடிய தொகுதிதான். எதிரி கவரில் பணம் வைத்துக் கொடுப்பார். அதோடு போட்டி போட நம்மால் முடியாது, போடவும் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போவதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறது, அவரிடம் இல்லை.

கூலி போகுமே என்ற பயம்தான் பெரிது. வேலைக்கு லீவு போட்டு சபைக்குப் போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? இங்கிலாந்தின் சார்டிஸ்டுத் தொழிலாளர்கள் 1838இலேயே பார்லிமெண்ட் அங்கத்தினருக்குச் சம்பளம் வேண்டும் என்று தங்கள் சாசனத்தில் எழுதினார்கள். சம்பளமில்லாத பதவி பணக்காரனுக்கே போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது கிடைத்தது 1911இல். தமிழ்நாட்டு மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் ரூ.10,000 மதிப்பூதியம் என்று 2023 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்குக் கொடுக்கும் படி மட்டுமே. பத்தாயிரத்தில் ஒரு குடும்பம் நடக்காது. ஆனால் போகிற கூலியில் ஒரு பங்கு திரும்பி வரும். மீதியைத் தெரு ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் காண்ட்ராக்டர் ஏற்பார்.

ஆகையால் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும்போதே சில விஷயங்களை அவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். தம் பேரிலோ உறவினர் பேரிலோ காண்ட்ராக்ட் எடுக்கமாட்டேன் என்று தெருக்கூட்டத்தில் சொல்வாரா? வார்டில் என்ன வேலை, எத்தனை ரூபாய், யார் செய்தார் என்று மாதம் ஒருமுறை பலகையில் எழுதிவைப்பாரா? கிராமத்துக் கிராமசபை போல நகரத்திலும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று ஒன்று நடத்தத் தொடங்கினார்கள். அதை ஒழுங்காகக் கூட்டுவாரா, பெயருக்கு நாலு பேர் கையெழுத்தோடு முடிப்பாரா?

நகர எல்லையை ஒட்டிய கிராமங்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 2025 தொடக்கத்தில் பல பஞ்சாயத்துக்களை நகரங்களோடு சேர்க்கும் ஏற்பாட்டை சர்க்கார் அறிவித்தபோது, நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று ஜனங்கள் பல ஊர்களில் எதிர்த்தார்கள். ஊரக வேலைச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமே. எல்லைக்கோடு நகர்ந்தால் வயல்வேலைக்காரருக்கு அந்த வேலை இல்லை. கோட்டை நகர்த்தும் முன் கூலிக்காரரைக் கேட்டாயா என்று எழுந்து நிற்க ஒரு பிரதிநிதி வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வாடகை வீடு மாறி மாறி அலைகிற தொழிலாளியின் பெயர்தான் பட்டியலிலிருந்து முதலில் விழுகிறது. சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் வார்டு வாரியாகப் பட்டியலை எடுத்து, தெருத்தெருவாகப் படித்துப் பார்க்கட்டும். விடுபட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற அந்த மாலைகளிலேயே, இந்தத் தெரு யாருடைய பேச்சைக் கேட்கிறது, யாரிடம் பணத்தை நம்பிக் கொடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.