பாலத்தின் நடுவே மாறும் சட்டம்



சென்ற திங்களில் நமக்கு வந்த மடல்களுள் ஒரு தாயின் மடல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவருடைய மகன் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், சார்னியா நகரில் பணிபுரிகிறார். கோடைக்கால விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் மோட்டார் சைக்கிளில் எல்லை கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய் வருவது அவர் வழக்கமாம். “பாலத்தைத் தாண்டியதும் உடன் வருவோர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது குற்றமில்லையாம். நான் மட்டும் அணிந்துகொண்டு போனால் கேலி செய்கிறார்கள், அம்மா” என்று தொலைபேசியில் கூறினாராம். அந்தத் தாய் நம்மிடம் கேட்கிறார்: “ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு நியாயமா? என் மகன் எதைக் கைக்கொள்வது?”

நல்ல கேள்வி. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சார்னியாவுக்கும் மிச்சிகனைச் சேர்ந்த போர்ட் ஹியூரன் நகருக்கும் இடையே ஓடுவது செயின்ட் கிளேர் ஆறு. அதன்மேல் 1938-ல் கட்டப்பட்டதே புளூ வாட்டர் பாலம். போக்குவரத்துப் பெருகவே, 1997-ல் அதன் அருகிலேயே இரண்டாவது பாலமும் எழுந்தது. இரு நாடுகளின் எல்லைக்கோடு ஆற்றின் நடுவே செல்கிறது. கனடாவின் கரையில், மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டும். தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் ஒன்டாரியோ அரசு 2018 அக்டோபரில் விலக்கு அளித்தது.

அமெரிக்கக் கரையின் கதை வேறு. 1966-ல் அமெரிக்க நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்காத மாநிலங்களுக்குச் சாலைக்கான நிதியில் ஒரு பகுதி கிட்டாது என்பது அதன் விளைவு. நிதி வேண்டுமே! 1975-க்குள் 47 மாநிலங்கள் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டன. ‘என் தலை என் உரிமை’ என்று மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கங்கள் குரல் எழுப்பவே, 1976-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டத்தைத் தளர்த்தலாயிற்று. இன்று இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்று மாநிலங்களில் வயது வந்தோர் எவருக்கும் தலைக்கவசம் கட்டாயமில்லை.

1969 முதல் அனைவருக்கும் கட்டாயமாக்கி வைத்திருந்த மிச்சிகன், 2012 ஏப்ரலில் அதைக் கைவிட்டது. ஆயினும் முற்றிலும் கைவிடவில்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 20,000 டாலர் மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருக்கவேண்டும். ஓட்டுபவர் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற்று ஈராண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். இவை அனைத்தும் இருந்தால்தான் வெறுந்தலையுடன் செல்ல அனுமதி. வெளியூரிலிருந்து வருவோரும் இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டவரே. ஆகவே, ‘பாலத்தைத் தாண்டினால் குற்றமில்லை’ என்று அந்நண்பர்கள் சொல்வது பாதி உண்மையே. தங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை அவர்கள் எடுத்துப் படித்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அச்சட்டத்தின் வாசகத்தைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். ‘தலைக்கவசம் வேண்டாம்’ என்று சொன்ன அதே மூச்சில், ‘ஆனால் மருத்துவச் செலவுக்குப் பணம் ஏற்பாடு செய்துகொள்’ என்றும் சொல்கிறது. அனுமதி கொடுத்தவருக்கே, அதனால் என்ன நேரும் என்பது தெரிந்திருக்கிறது!

நேர்ந்ததும் அதுவே. தளர்வுக்கு முன்னும் பின்னும் மிச்சிகனில் விபத்துக்குள்ளானவர்களைப் பற்றி ஆராய்ந்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முன்பு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தலைக்கவசம் அணிந்திருந்தனர். பின்னர் அது எழுபது பேர் அளவுக்கு இறங்கியது. உயிரிழந்தோரின் விகிதம் ஏறக்குறைய மாறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் தலையில் அடிபட்டோரின் விகிதம் உயர்ந்தது. மண்டையில் அறுவை மருத்துவம் தேவைப்பட்டோரின் விகிதமும் உயர்ந்தது. உயிர் பிழைத்தும், பேச்சும் நினைவும் பழையபடி திரும்பாத ஒருவரைப் பேணும் இல்லத்தின் துயரை எந்தக் காப்பீடு ஈடுசெய்யும்? ‘என் தலை என் உரிமை’ என்பவர், அந்தத் தலையைப் பின்னர் மடியில் தாங்கப்போகிறவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தலைக்கவசத்தின் வரலாற்றிலும் இப்படிப்பட்ட ஒரு துயரம் உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர், 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களுள் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். காப்பாற்ற இயலாமற்போன அந்த உயிர் அவர் மனத்தை உறுத்தியது. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-ல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரருக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் சட்டம் வந்ததோ 1973-ல்தான். அறிவு முன்னே போக, சட்டம் முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்தங்கி வந்தது.

கவசம் செய்யும் வேலை எளிதாய் விளங்கக்கூடியது. வெளிப்புறக் கடின ஓடு அடியைப் பரவச் செய்கிறது. உள்ளேயுள்ள தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கித் தன்னை அழித்துக்கொண்டு, மண்டைக்குச் சேரும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. தாடைப்பட்டையை இறுக்காத கவசமோ, விழும்போது தலைக்கு முன்னே தான் பறந்துவிடும். முறையாக அணிந்தால், தலைக்காயம் நேரும் வாய்ப்பு 69 விழுக்காடும், இறக்கும் வாய்ப்பு 42 விழுக்காடும் குறைகின்றன என்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த மருத்துவ அறிஞர்கள் 2008-ல் கூறினர்.

எனவே அந்த மகனுக்கு நாம் சொல்வது இதுதான். எல்லை கடப்பவர் தம் ஊர்ச் சட்டத்தை உடன் கொண்டுபோக முடியாது. சென்ற இடத்தின் சட்டமே அவரை ஆளும். ஆதலால் புறப்படுமுன் மறுகரையின் சட்டத்தை அறிந்துகொள்க. தலைக்கவசத்தில் தர முத்திரை உண்டா என்று பார்க்க. அமெரிக்க அரசின் தரத்துக்கு ஏற்ற கவசத்தை ஒன்டாரியோவும் ஒப்புக்கொள்கிறது. காப்பீட்டு நிறுவனத்தாரிடம், எல்லைக்கு அப்பாலும் தம் காப்பீடு செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டறிக. சுங்கச் சாவடியில் அதிகாரி முகத்தைக் காட்டச் சொன்னால் கவசத்தைக் கழற்றுக. சாவடியை விட்டு நகருமுன் மீண்டும் அணிக. இரு கரைகளிலும் அணிக. பாலத்தின் நடுவே சட்டம் மாறலாம். தார்ச்சாலையின் கடினம் மாறுவதில்லை, மண்டையோட்டின் வலிமையும் மாறுவதில்லை. கேலி செய்யும் நண்பர்கள் ஒருநாள் மருத்துவமனை வாயில் வரை வரக்கூடும். அதற்கு அப்பால் வரப்போகிறவர் தாய் ஒருவரே.

இதைப் படிக்கும் நம்மில் சிலர், ‘அது தொலைதூரத்துக் கதை’ என்று புன்னகைக்கலாம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் நம் தெருக்களில் அது பெட்ரோல் டாங்கின்மேல் அமர்ந்தும், முழங்கையில் தொங்கியும் பயணம் செய்கிறது. காவலர் நிற்கும் திருப்பம் வந்தால் தலைக்கு ஏறுகிறது; திருப்பம் கடந்தால் இறங்கிவிடுகிறது. கடைத்தெருவரைதானே, கோயில்வரைதானே என்று ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எல்லைக்கோடு கிழித்துக்கொள்கிறோம். செயின்ட் கிளேர் ஆற்றின் நடுவே ஓடும் கோட்டை நாம் கிழிக்கவில்லை. இந்தக் கோட்டைக் கிழித்தவர் நாமே. அதை அழிக்கவும் நம்மால் முடியும்.

இன்று மாலை வண்டிச் சாவியை மகன் கையில் எடுக்கும்போது, தலைக்கவசத்தையும் எடுத்து நீட்டுங்கள், தாய்மார்களே. காவலருக்காக அன்று, எனக்காக அணிந்துகொள் என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எந்த எல்லையிலும் விலக்கு இல்லை.